மகளுக்கு ஊசி போடலாமா? - ஒரு கேள்வித்தாளின் வரலாறு

2007-ஆம் வருடம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சில வீடுகளில் தொலைபேசி மணி அடிக்கிறது. எடுத்துப் பேசுவது பெரும்பாலும் அம்மாக்கள். மறுமுனையில் இருப்பவர் கிரெடிட் கார்டு விற்பவர் அல்ல, ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்காகப் பேசுகிறவர். வீட்டில் டீன் ஏஜ் பெண் இருக்கிறாளா என்று விசாரித்துவிட்டு, புதிதாக வந்திருக்கும் ஒரு தடுப்பூசியைப் பற்றி வரிசையாகக் கேட்க ஆரம்பிக்கிறார்.

இந்த ஊசி பாதுகாப்பற்றது என்று நினைக்கிறீர்களா? மருந்து கம்பெனிகள் பணம் பண்ணத்தான் இதைத் தள்ளிவிடப் பார்க்கின்றன என்று தோன்றுகிறதா? உங்கள் கைக்கு எட்டும் செலவில் இதைப் போடும் டாக்டரைக் கண்டுபிடிப்பது கஷ்டமா? இதைப் போட்டால் பெண் பிள்ளை கெட்டுப் போய்விடுவாள் என்ற பயம் இருக்கிறதா?

ஒவ்வொரு பதிலும் மறுமுனையில் ஒரு எண்ணாகப் பதிவாகிறது.

ஒரு அம்மாவின் தயக்கத்தை எண்ணாக மாற்ற முடியுமா? கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இருபது வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். ஹெச்.பி.வி. தடுப்பூசியை மகளுக்குப் போடுவதா வேண்டாமா என்று பெற்றோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று அளப்பது தனி ஆராய்ச்சித் துறையாகவே வளர்ந்துவிட்டது. அது எங்கே ஆரம்பித்தது, எதைக் கண்டுபிடித்தது, எங்கே கோட்டை விட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் என்று சொன்னவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன். 1983-இலும் 1984-இலும் அவருடைய குழு இந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகளைப் புற்றுநோய்க் கட்டிகளில் கண்டுபிடித்தது. அதற்காக 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1991-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃப்ரேசரும் ஜியான் ஷோவும் வைரஸின் மேலோட்டை மட்டும் தனியாக உருவாக்கும் வழியைக் கண்டார்கள. உள்ளே சரக்கு இல்லாத வெறும் ஓடு என்பதால் அது நோயைத் தராது, ஆனால் உடம்பு அதைப் பார்த்து எதிர்ப்பு சக்தியைத் தயார் செய்துகொள்ளும். தடுப்பூசிக்கு அடிப்படை இதுதான். ஜியான் ஷோ ஊசி விற்பனைக்கு வருவதைப் பார்க்காமலே 1999-இல் இறந்துபோனார்.

2022-இல் மட்டும் உலகத்தில் சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்ததாகக் கணக்கு. இறந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 50 ஆயிரம். இந்தியாவில் அதே வருடம் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பேருக்கு நோய் வந்தது, சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

இந்த வைரஸ் உடலுறவின் மூலம் பரவுவது. வைரஸ் உள்ளே வருவதற்கு முன்பே ஊசி போட்டால்தான் முழுப் பலன். அதனால்தான் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடச் சொல்கிறார்கள். சிக்கலும் இங்கேதான். இன்னும் பொம்மையை வைத்து விளையாடும் பெண்ணுக்கு, அவளுடைய நாற்பது வயதில் வரக்கூடிய நோய்க்காக, வீட்டில் யாரும் வாய் திறந்து பேசாத ஒரு விஷயம் சம்பந்தப்பட்ட ஊசியை, அப்பாவும் அம்மாவும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். போலியோ சொட்டு மருந்துக்கு இந்தத் தர்மசங்கடம் இல்லை.

லைக்கர்ட் ஸ்கேலும் எக்ஸ்ரே வண்டியும்

மார்க்கெட்டிங் பேப்பர் படித்தவர்களுக்கு லைக்கர்ட் ஸ்கேல் என்ற பெயர் பழக்கமானதுதான். "முழுக்க ஒத்துக்கொள்கிறேன்" என்பதில் ஆரம்பித்து "கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை" என்பது வரை படிப்படியாகப் போகும் கேள்வித்தாள். அமெரிக்கரான ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் இதை வெளியிட்டார். மனதில் இருப்பதை எண்ணாக மாற்றும் சுலபமான கருவி அதுதான். சோப்பு விற்பவர்களிலிருந்து தேர்தல் கணிப்புக்காரர்கள் வரை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு வேர் காசநோயில் இருக்கிறது. 1950-களில் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டிகளை அனுப்பியது. பரிசோதனை இலவசம், வண்டியும் தெருமுனையிலேயே நிற்கிறது. ஆனாலும் நிறையப் பேர் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று விசாரிக்கக் காட்ஃப்ரே ஹோக்பாம் என்ற உளவியலாளர் பாஸ்டன், கிளீவ்லாண்ட், டெட்ராய்ட் நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பேசினார். தனக்கும் காசநோய் வரலாம் என்ற எண்ணமும், சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லது என்ற எண்ணமும் இரண்டுமே இருந்தவர்களில் 82 சதவீதம் பேர் தாமாகவே போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டுமே இல்லாதவர்களில் 21 சதவீதம் பேர்தான்.

இதிலிருந்து ஒரு கோட்பாடு பிறந்தது. எனக்கு அந்த நோய் வருமா, வந்தால் எவ்வளவு மோசம், தடுப்பதால் என்ன லாபம், தடுப்பதற்கு என்ன கஷ்டம்? இந்த நான்கையும் மனம் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது என்பது அதன் சாரம். பாலன்ஸ் ஷீட் போலவே இருக்கிறது அல்லவா? ஹெச்.பி.வி. ஊசி வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அதை அளக்கப்போகும் அளவுகோல் தயாராகிவிட்டது.

ஊசிக்கு முன்பே வந்த கேள்விகள்

ஊசி கடைக்கு வரும் முன்பே சர்வே ஆரம்பித்துவிட்டது. 2004-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் பெற்றோரிடம், இப்படி ஒரு ஊசி வந்தால் போடுவீர்களா என்று கேட்டார்கள். 55 சதவீதம் பேர் சரி என்றார்கள். பிறகு வைரஸைப் பற்றிய சிறு குறிப்பைப் படிக்கக் கொடுத்துவிட்டு மறுபடி கேட்டார்கள். 75 சதவீதம் ஆகிவிட்டது! ஆக, விவரம் சொன்னால் போதும், பெற்றோர் ஒத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது.

2006-இல் வந்த இன்னொரு ஆய்வு இந்த நம்பிக்கையைக் கலைத்தது. அதில் பெற்றோரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் விவரத்தாள் அனுப்பினார்கள். தாளைப் படித்தவர்களுக்கு வைரஸைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருந்தது உண்மை. ஆனால் ஊசி போடும் விருப்பத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

ஒரே ஆளிடம் படிப்பதற்கு முன்னும் பின்னும் கேட்டால் ஒரு விடை வருகிறது. இரண்டு குழுவாகப் பிரித்துக் கேட்டால் வேறு விடை வருகிறது. தாளைக் கையில் கொடுத்துவிட்டு உடனே கேட்டால், கேட்கிறவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடுவது மனித சுபாவம்தானே. கேள்வி கேட்கும் விதமே பதிலை மாற்றும் என்பதற்கு இது முதல் பாடம்.

ஊசி வந்தது, சண்டையும் வந்தது

2006 ஜூன் 8-ஆம் தேதி மெர்க் கம்பெனியின் கார்டசில் ஊசிக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 11, 12 வயதுச் சிறுமிகளுக்குப் போடலாம் என்று அதே மாதம் நிபுணர் குழு சிபாரிசு செய்தது. மூன்று டோஸ், ஒரு டோஸ் சுமார் 120 டாலர். மொத்தம் 360 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 16 ஆயிரம் ரூபாய்.

2007 பிப்ரவரியில் டெக்சாஸ் கவர்னர் ரிக் பெர்ரி, ஆறாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு இந்த ஊசி கட்டாயம் என்று உத்தரவு போட்டார். வேண்டாம் என்கிற பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளவும் அதில் வழி இருந்தது. இருந்தும் புயல் கிளம்பியது. பெர்ரியின் பழைய உதவியாளர் ஒருவர் மெர்க் கம்பெனிக்காக அரசியல்வாதிகளிடம் பேசும் வேலையில் இருந்தது தெரிய வந்ததும் சந்தேகம் இன்னும் முற்றியது. சில மாதங்களிலேயே சட்டமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. பெற்றோரின் கேள்வி இப்போது ஊசியைப் பற்றி மட்டும் இல்லை, ஊசியைக் கொண்டு வருபவர்களைப் பற்றியும் ஆகிவிட்டது.

நான்கு பெட்டிகள்

இந்தச் சூழ்நிலையில்தான் ஆரம்பத்தில் சொன்ன வட கரோலினா தொலைபேசி மணி அடித்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அதிகமாக இருந்த பகுதிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நோயல் ப்ரூவர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்தப் பதில்களை வைத்து உருவாக்கிய அளவுகோல் 2010-இல் வெளியானது. 16 கேள்விகள், நான்கு பெட்டிகள். ஊசியால் கெடுதல் வரும் என்ற பயம், ஊசி கிடைப்பதில் உள்ள தடைகள், ஊசி வேலை செய்யும் என்ற நம்பிக்கை, முடிவெடுக்க முடியாத குழப்பம். பிறகு வந்த நிறைய ஆய்வுகள் இந்த அளவுகோலைக் கடன் வாங்கிக்கொண்டன.

இதில் பாராட்ட வேண்டியது, ஒரு வருடம் கழித்து அதே பெற்றோரை மறுபடி கூப்பிட்டதுதான். இடைப்பட்ட காலத்தில் மகளுக்கு ஊசி போட ஆரம்பித்திருந்தவர்கள் கால் பங்கைக் கொஞ்சம் தாண்டியிருந்தார்கள், அவ்வளவுதான். போடுவேன் என்று சொன்னவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் போட்டிருந்தார்கள். ஆனால் சொன்னவர்கள் எல்லோரும் போடவில்லை. செலவு, அப்பாயின்ட்மென்ட் போன்ற தடைகளைப் பெரிதாகச் சொன்னவர்கள் பின்தங்கியிருந்தார்கள். வாங்குவேன் என்று சர்வேயில் சொல்வது வேறு, பில் போடும் இடத்தில் வந்து நிற்பது வேறு. வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி சுகாதாரத்திலும் அப்படியே இருந்தது.

ஏறும் பயம்

அமெரிக்க அரசே டீன் ஏஜ் பிள்ளைகளின் ஊசிக் கணக்கை எடுக்க வருடாந்தர சர்வே ஒன்றை 2006-இல் ஆரம்பித்தது. முதலில் பெற்றோரிடம் போனில் கேட்பார்கள். பிறகு அவர்கள் அனுமதியோடு டாக்டரின் பதிவேட்டையும் வாங்கிச் சரிபார்ப்பார்கள். 13 முதல் 17 வயதுப் பெண்களில் ஒரு டோஸாவது போட்டவர்கள் 2007-இல் 25 சதவீதம், 2008-இல் 37 சதவீதம்.

எண்ணிக்கை ஏறியது. ஆனால் பயமும் கூடவே ஏறியது. இன்னும் ஊசி முடிக்காத பெண்களின் பெற்றோரில், அடுத்த ஒரு வருடத்தில் போடும் எண்ணம் இல்லை என்றவர்கள் 2008-இல் 39.8 சதவீதம், 2010-இல் 43.9 சதவீதம். அப்படிச் சொன்னவர்களில், பாதுகாப்பு பற்றிய பயமே காரணம் என்றவர்கள் இதே இடைவெளியில் 4.5 சதவீதத்திலிருந்து 16.4 சதவீதமாக ஆனார்கள். ஊசியைப் பற்றிய ஆய்வுகள் கூடக் கூடப் பயம் குறைந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ்.

"பெண் கெட்டுப் போவாள்" என்ற கவலையையும் ஆராய்ந்தார்கள். அமெரிக்காவின் அட்லாண்டா பகுதியில் 1,398 சிறுமிகளின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் கர்ப்பம், பால்வினை நோய் போன்றவற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

பயம் ஒரு நாட்டையே எப்படி மாற்றும் என்பதற்கு ஜப்பான் உதாரணம். அங்கே ஏறக்குறைய 70 சதவீதப் பெண்கள் ஊசி போட்டிருந்தார்கள். பக்க விளைவு என்று சில சிறுமிகளைப் பற்றி செய்திகள் பரவின. 2013 ஜூனில் அரசு, தானாக முன்வந்து சிபாரிசு செய்வதை நிறுத்திக்கொண்டது. ஊசியைத் தடை செய்யவில்லை, இலவசமாகவே வைத்திருந்தது. "போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்வதை மட்டும் நிறுத்தியது. அடுத்து வந்த வயதுப் பெண்களில் ஊசி போட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விட்டார்கள். மறுபடி சிபாரிசு ஆரம்பித்தது 2022 ஏப்ரலில்தான்.

"பிறகு பார்க்கலாம்" என்ற பதில்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஆறாம் வகுப்புப் பெண்களின் பெற்றோரிடம் எடுத்த சர்வே 2010-இல் வெளியானது. வேண்டாம் என்றவர்களில் 29.2 சதவீதம் பேர் சொன்ன காரணம் பாதுகாப்பு. அடுத்த இடத்தில் 15.6 சதவீதத்தோடு இருந்தது, மகள் இன்னும் கொஞ்சம் பெரியவள் ஆகட்டும் என்ற பதில்.

பார்க்க எவ்வளவு நியாயமான பதில்! யாரையும் எதிர்க்கவில்லை, எதையும் மறுக்கவில்லை. கேள்வித்தாளிலும் இந்தப் பதில் சாதுவாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. இங்கிலாந்தில் ஊசி போட்ட பெண்களின் புற்றுநோய்க் கணக்கு 2021-இல் வெளியானது. 12, 13 வயதில் ஊசி கிடைத்த வயதினரிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்தது. 14 முதல் 16 வயதில் கிடைத்தவர்களிடம் 62 சதவீதம். 16 முதல் 18 வயதில் என்றால் 34 சதவீதம் மட்டுமே.

87, 62, 34. பிறகு பார்க்கலாம் என்பதன் விலை இந்த மூன்று எண்களில் இருக்கிறது. காத்திருப்பதும் ஒரு முடிவுதான். எந்தப் பெற்றோரும் அதை முடிவு என்று நினைத்துச் சொல்வதில்லை.

கேள்வி யார் பக்கம் திரும்ப வேண்டும்?

இவ்வளவு காலமும் பெற்றோரின் மனதை மட்டுமே அளந்தார்கள். ஆனால் அந்தப் பெற்றோர் தனியாக உட்கார்ந்து முடிவெடுக்கவில்லையே! எதிரில் ஒரு டாக்டர் இருக்கிறார்.

2014-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஹெச்.பி.வி. ஊசி எவ்வளவு முக்கியம் என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். பெற்றோர் கொடுத்தது 9.3. பெற்றோர் என்ன மதிப்பெண் போடுவார்கள் என்று டாக்டர்களைக் கேட்டபோது அவர்கள் சொன்னது 5.2. அதாவது பெற்றோர் தயங்குவார்கள் என்று நினைத்து டாக்டர்களே தயங்கியிருக்கிறார்கள். "மற்ற ஊசிகள் கண்டிப்பாகப் போடணும், இதை வேண்டுமானால் போட்டுக்கலாம்" என்று இழுத்துச் சொன்னால் எந்த அம்மாவுக்குத்தான் நம்பிக்கை வரும்?

வட கரோலினாவில் கேள்வித்தாள் செய்த அதே ப்ரூவர் குழு, அடுத்து இதைச் சோதித்துப் பார்த்தது. 30 மருத்துவ நிலையங்கள். சிலவற்றில் டாக்டர்களுக்குப் பெற்றோரிடம் விரிவாக விவாதிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். சிலவற்றில், "மகளுக்கு 11 வயது ஆகிவிட்டது, இன்றைக்கு இந்த மூன்று ஊசியும் போடுகிறோம்" என்று இயல்பாக அறிவிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். கேள்வி இருந்தால் பெற்றோர் கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். 2017-இல் முடிவு வெளியானது. அறிவித்த இடங்களில், பயிற்சி எதுவும் இல்லாத இடங்களைவிட ஊசி போடுவது 5.4 சதவீதப் புள்ளிகள் கூடியது. நீண்ட விவாதம் நடத்திய இடங்களில் அப்படிப் பலன் தெரியவில்லை.

இங்கிலாந்து 2008-இல் பள்ளிக்கூடத்திலேயே ஊசி போட ஆரம்பித்தபோது 12, 13 வயதுப் பெண்களில் சுமார் 80 சதவீதம் பேர் முதல் வருடத்திலேயே எல்லா டோஸையும் முடித்தார்கள். அமெரிக்காவில் அதே காலத்தில் ஒரு டோஸ் போட்டவர்களே 37 சதவீதம்தான். ஆங்கிலேய அம்மாக்களுக்குப் பயமே இல்லை என்று அர்த்தமா? இல்லை. ஊசி பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டது, செலவும் இல்லை, பெற்றோர் செய்ய வேண்டியது ஒரு ஃபார்மில் கையெழுத்துப் போடுவது மட்டும்தான்.

கம்மத்தில் யாரும் கேட்கவில்லை

அந்தக் கையெழுத்து எவ்வளவு முக்கியம் என்பதை இந்தியா ஒரு கசப்பான அனுபவத்தில் கற்றுக்கொண்டது.

2009-இல் பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், ஐ.சி.எம்.ஆர். மற்றும் மாநில அரசுகளோடு சேர்ந்து, ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் (இன்று தெலங்கானா) குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் பரீட்சார்த்தமாக இந்த ஊசியைப் போட ஆரம்பித்தது. இதற்கு முன்பே பெற்றோரின் எண்ணங்களை அறிய அந்த மாநிலங்களில் ஆய்வும் நடத்தியிருந்தார்கள். சுமார் 24 ஆயிரம் சிறுமிகள். ஏழு பேர் இறந்ததாகச் செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சி மருந்து குடித்தது, மலேரியா போன்ற காரணங்களால் நேர்ந்த மரணங்கள் என்றும், ஊசிக்குத் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றும் விசாரணைக் குழு சொன்னது.

ஆனால் விசாரணையில் வேறொன்று வெளியே வந்தது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கொடுத்த அறிக்கைப்படி, ஆந்திராவில் பார்க்கப்பட்ட 9,543 சம்மதப் படிவங்களில் 1,948-இல் இருந்தது கைநாட்டு. 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் பெற்றோரே அல்ல, ஹாஸ்டல் வார்டன்கள்! அங்கே படித்தவர்களில் பலர் பழங்குடிச் சிறுமிகள். மகளுக்கு என்ன ஊசி, எதற்கு ஊசி என்று மலைக்கிராமத்தில் இருந்த அப்பா அம்மாவுக்குத் தெரியாது.

சர்வேயில் பெற்றோரின் மனதை நான்கு பெட்டியாகப் பிரித்து அளக்கலாம். ஆனால் படிவத்தில் வார்டன் கையெழுத்துப் போட்டுவிட்டால், அங்கே அளப்பதற்குப் பெற்றோரின் முடிவு என்று ஒன்றே இல்லை. ஊசி போட்டவர்கள் எண்ணிக்கை மட்டும் நன்றாக இருக்கும். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் யாருடைய சம்மதமும் இருக்காது. பிறகு உண்மையான காரணம் எதுவாக இருந்தாலும், ஒரு மரணச் செய்தி வந்ததும் எல்லாம் சரிந்துவிடும். கம்மத்தில் சரிந்தது. அதன் நிழல் இந்தியாவில் பல வருடம் இருந்தது.

2018-இல் சிக்கிம் மாநிலம் வேறு மாதிரி செய்தது. ஆசிரியர்கள், பெற்றோர், பத்திரிகைக்காரர்கள் என்று எல்லோரிடமும் முதலில் பேசினார்கள். பிறகு பள்ளிகளில் போட்டார்கள். 9 முதல் 14 வயதுச் சிறுமிகள் சுமார் 25 ஆயிரம் பேரில் 97 சதவீதம் பேருக்கு முதல் டோஸ் போய்ச் சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட்டில், இந்த வயதுப் பெண்களுக்கு ஊசி போடுவதை மத்திய அரசு ஊக்குவிக்கும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார்.

கடைசியாக...

இந்தக் கேள்வித்தாள்களின் வரலாறு பெற்றோரின் மனதை அளக்கப் புறப்பட்டது. போகப் போக, முடிவின் பாதி அந்த மனதுக்கு வெளியே இருப்பதைக் கண்டுபிடித்தது. டாக்டர் சொல்லும் ஒரு வாக்கியத்தில், ஊசியின் விலையில், பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே உள்ள தூரத்தில், அரசு பேசுகிறதா மௌனமாக இருக்கிறதா என்பதில். அதனால், ஊசி போடாத அம்மாவைப் பார்த்து "விவரம் தெரியாதவள்" என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் தப்பு. 9.3 மதிப்பெண் போட்டவர்களும் அதே அம்மாக்கள்தான்.

இந்த ஊசி வேலை செய்கிறது என்பதை இங்கிலாந்துக் கணக்கு காட்டிவிட்டது. இனி மிச்சம் இருப்பது அதை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் எப்படிக் கொண்டு போவது என்பதுதான். அதற்குப் பதினாறு கேள்விகள் உதவும். ஆனால் பதினாறுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அந்த அப்பா அம்மாவிடம் யாராவது போய்க் கேட்டார்களா?